கால் நாடி அடைப்பும் புதிய சிகிச்சை ஆய்வுகளும்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புறநாடி நோயைப் பற்றியவை. காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை ஒடுங்குவதால் வரும் இந்நோய், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் உண்டாக்கும் அதே நோய்தான். காலில் முதலில் தலைகாட்டியிருக்கிறது, அவ்வளவே. 2015ஆம் ஆண்டுக்குரிய கணிப்பின்படி உலகில் சுமார் 236 மில்லியன் பேருக்கு இது இருந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் நம்முடையதைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். கடிதங்கள் பலவும் புதிய சிகிச்சைகளைப் பற்றிய செய்திகளை முன்வைத்தே கேட்கின்றன. ஆகவே, அந்த ஆய்வுகளில் உண்மையில் எதை அளந்தார்கள், யாரிடம் அளந்தார்கள் என்பதைக் கூடியவரை விளக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, நெடுங்கால நீரிழிவு நோயாளி. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பாதி வழியில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சற்று நின்றால் விட்டுவிடுகிறது. கணுக்கால் அழுத்த விகிதம் 0.68 என்று வைத்தியர் எழுதியுள்ளார். நீரிழிவுக்கான வாராந்த ஊசி ஒன்று இத்தகைய நோயாளிகளைக் கூடுதல் தூரம் நடக்க வைப்பதாகக் கேள்விப்பட்ட கனடாவிலுள்ள அண்ணா, அதை அனுப்பவா என்று கேட்கிறார். — வாசகி, உவர்மலை

பதில்: கணுக்காலில் அளந்த மேல் இரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த மேல் அழுத்தத்தால் வகுத்தால் வருவதே அந்த விகிதம். 0.90 அல்லது அதற்குக் குறைந்தால் நோய் உண்டு என்று கொள்வார்கள்; ஆகவே 0.68 தெளிவான முடிவு. நீண்டகால நீரிழிவு உள்ள சிலருக்கு நாடிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துவிடுவதால் விகிதம் 1.40ஐத் தாண்டிப் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் அளக்க வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை.

உங்கள் அண்ணா குறிப்பிடுவது செமாகுளுடைட் என்ற மருந்தாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ட்ரைட் என்ற பெயரில் 20 நாடுகளில், இரண்டாம் வகை நீரிழிவும் புறநாடி நோயும் சேர்ந்திருந்த 792 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2025இல் வெளியாயின. பாதிப்பேருக்கு வாரம் 1 மில்லிகிராம் ஊசியும் மீதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசியும் 52 வாரங்கள் கொடுத்து, மணிக்கு 3.2 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும், 12 சதவீதம் மேல்நோக்கிச் சாய்ந்த நடைப்பொறியில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களின் முன்னேற்றம் மற்றவர்களுடையதை விட ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. மீற்றரில் சொன்னால் இடைநிலை வித்தியாசம் 26 மீற்றர் அளவே வரும். தட்டையான வீதியில் இது சிறிய தூரம். ஆனால் கோயில் ஏற்றத்தைப் போன்ற சரிவில், நூறு நூற்றைம்பது மீற்றரில் நின்றுவிடும் ஒருவருக்கு அது அற்பமானதல்ல. இதை நான் நல்ல செய்தியாகவே கருதுகிறேன். அதே வேளையில், ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நடக்கும்போது மட்டும் வலி வரும், நோய் முற்றாத நிலையில் இருந்தவர்கள் என்பதையும், மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே ஆய்வுக்குப் பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அனுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முதன்முறை பயன்படுத்தும் வரை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டிய ஊசி அது. பயணப் பொதியில் வந்து சேரும்போது அதன் வீரியத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. குமட்டல், வாந்தி பலருக்கும் வருகின்றன; இரத்தச் சீனி சடுதியாகக் குறையும்போது முன்பே பாதிக்கப்பட்ட விழித்திரை மேலும் மோசமாகலாம் என்பதால் கண் பரிசோதனையும் தேவை. கிளினிக்கில் கேட்டு, அப்பாவுக்கு ஏற்றதென்றால் உள்ளூரிலேயே தொடங்குவது நல்லது. அதற்கு முன் அவர் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின் வகை மாத்திரை எடுக்கிறாரா, புகைக்கிறாரா என்பதைப் பாருங்கள். 2002இல் வெளியான, 20,536 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வில் 6,748 பேர் புறநாடி நோயாளிகள். சிம்வஸ்டற்றின் எடுத்தவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. விலை மலிந்த, பழகிப்போன மருந்தென்பதால் இது செய்தியாவதில்லை; ஆயினும் உங்கள் அப்பாவின் உயிரைக் காப்பதில் இதற்குள்ள பங்கு பெரிது.

ஒரே ஒரு ஆய்வை நம்பி அவசரப்படக் கூடாது என்பதற்கு இந்நோயின் வரலாற்றிலேயே கசப்பான சான்று இருக்கிறது. ரமிப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை நடைத்தூரத்தைப் பெரிதும் கூட்டுவதாக 2013இல் புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரை, தரவுகள் புனையப்பட்டவை என்று தெரியவந்ததும் 2015இல் மீளப்பெறப்பட்டது. ரமிப்ரில் இன்றும் பயனுள்ள இரத்த அழுத்த மருந்துதான். நடைத்தூரத்தைப் பற்றிய அந்தக் கூற்றுத்தான் விழுந்துபோனது.

கேள்வி: வாப்பாவின் கால் பெருவிரலில் மட்டிச்சிப்பி வெட்டிய காயம் ஆறு வாரமாக ஆறவில்லை, இரவில் பாதம் எரிகிறது, காலைத் தொங்கப்போட்டால்தான் தூங்குகிறார். முழங்காலுக்குக் கீழே அடைப்பு என்றும் பைபாஸ் அல்லது பலூன் செய்யலாம் என்றும் சொல்கிறார்கள். ஆராய்ச்சி எதைச் சிறந்தது என்கிறது? — வாசகி, கிண்ணியா

பதில்: முதலில் ஒரு விடயம். ஆறாத காயமும், படுத்திருக்கும்போதே வலியும் சேர்ந்திருப்பது இந்நோயின் முற்றிய நிலை. இந்த நிலையில் காலை இழக்கும் அபாயம் மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் கூடும். எந்தச் சிகிச்சை என்ற விவாதத்தில் நாள் கழியக் கூடாது. இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தை இந்த வாரமே பெற்றுக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்று நீரை ஊற்றினால் இரத்தம் ஓடும் என்று உறவினர் சொல்லக்கூடும், செய்ய வேண்டாம். நீரிழிவால் உணர்வு மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது. இரத்தம் போதாத தோல் கொப்பளித்தால் அது இன்னொரு ஆறாத புண்ணாகிவிடும்.

இனி ஆராய்ச்சி. பைபாஸ் என்பது அடைபட்ட இடத்தைத் தாண்டி இரத்தம் போக மாற்றுக் குழாய் தைக்கும் சத்திரசிகிச்சை. பலூன் என்பது நாடிக்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதி அடைப்பைத் திறப்பது; திறந்த இடம் மூடாமல் தாங்க வைக்கும் வலைக்குழாயே ஸ்டென்ட். இந்தக் கேள்விக்கு விடை காண நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக முடிந்தன என்று தோன்றும். 2022இல் வெளியான பெஸ்ட்–சிஎல்ஐ ஆய்வில் அமெரிக்கா, கனடா உட்பட ஐந்து நாடுகளின் 1,830 நோயாளிகள் இருந்தனர். காலின் உட்புறமாக ஓடும் நீண்ட நாளம் நல்ல நிலையில் இருந்த 1,434 பேரில், அந்த நாளத்தை எடுத்துப் பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதத்தினருக்கும், பலூன், ஸ்டென்ட் வழியில் தொடங்கியவர்களில் 57.4 சதவீதத்தினருக்கும் ஆய்வு எண்ணிய கேடுகளில் ஒன்று நேர்ந்தது. அதாவது பைபாஸ் முந்தியது. நல்ல நாளம் இல்லாத 396 பேரிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுபுறம், 2023இல் வெளியான பசில்–2 ஆய்வு பிரித்தானியா, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் முழங்காலுக்குக் கீழே அடைப்பிருந்த 345 பேரை மட்டும் எடுத்தது. அங்கே பைபாஸ் குழுவில் 63 சதவீதத்தினரும் பலூன் குழுவில் 53 சதவீதத்தினரும் காலை இழந்தனர் அல்லது இறந்தனர். இங்கே பலூன் முந்தியது.

முரண்பாடு எங்கே இருந்து வருகிறது? பெஸ்ட்–சிஎல்ஐ, கணுக்காலுக்கு மேலான துண்டிப்பையும் மரணத்தையும் மட்டுமன்றி, அதே காலில் மீண்டும் செய்யப்பட்ட பெரிய சிகிச்சைகளையும் தோல்விக் கணக்கில் சேர்த்தது. பலூன் செய்த நாடி மீண்டும் அடைபட்டு, மறுபடி திறக்க நேர்ந்த சந்தர்ப்பங்கள் அதிகம் என்பதால் அந்தக் கணக்கில் பலூன் பின்தங்கியது. பசில்–2 கால் துண்டிப்பையும் மரணத்தையும் மட்டுமே எண்ணியது. பலூன் குழுவில் மரணங்கள் குறைவாக இருந்ததே அங்கு வந்த வேறுபாட்டின் முக்கிய காரணம். நோயாளிகளும் அடைப்பின் இடமும் வேறுபட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே உங்கள் வாப்பாவின் நிபுணரிடம் கேட்க வேண்டியவை இவை: காலின் நாளத்தை ஸ்கான் செய்து பார்த்தீர்களா, அது பைபாஸுக்குப் போதுமான தடிப்பில் இருக்கிறதா, அவருடைய இதயமும் சிறுநீரகமும் பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்குமா, பாதம் வரை இரத்தத்தைக் கொண்டுசெல்ல எந்த நாடி எஞ்சியிருக்கிறது. நாளம் நன்றாக இருந்து, உடலும் தாங்கும் என்றால் பைபாஸைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உடல் தளர்ந்து, அடைப்பு முழங்காலுக்குக் கீழ் மட்டும் என்றால் பலூனில் தொடங்குவதற்கு நியாயம் வலுவாக உண்டு.

கேள்வி: நடந்தால் வலிக்கிறது என்று கிளினிக்கில் சொன்னால், வலிக்கும் வரை நடவுங்கள் என்கிறார்கள். இது காலைக் கெடுக்காதா? — வாசகர், மூதூர்

பதில்: கெடுக்காது, காலில் புண்ணோ, ஓய்விலும் வலியோ இல்லாத வரை இதுவே மிகவும் ஆழமாக ஆராயப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று. இரத்தம் போதாமல் தசை வலிப்பது, அத்தசை குறைந்த ஒட்சிசனைக் கொண்டு வேலை செய்யப் பழகுவதற்கான தூண்டுதலாகவும் அமைகிறது.

வலி வராதபடி மெதுவாக நடந்தால் போதாதா என்ற கேள்வியையே நேரடியாக எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் 305 பேரைக் கொண்டு நடந்த லைட் ஆய்வு 2021இல் வெளியானது. வீட்டிலிருந்தபடியே 12 மாதங்கள், ஒரு குழு வலி வரும் வேகத்திலும் மற்றொரு குழு வலி வராத வேகத்திலும் நடந்தன. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் முதல் குழுவில் சுமார் 34 மீற்றர் கூடியது. இரண்டாவது குழுவில் கூடவேயில்லை. இதமாக உலாவி வருவது மனத்துக்கு நல்லது. ஆனால் இந்நோயைப் பொறுத்தவரை அது சிகிச்சை ஆகாது என்பதை அந்த ஆய்வு எனக்குத் தெளிவாக்கியது.

இதற்கும் முந்திய கிளெவர் ஆய்வு, இடுப்புப் பகுதி நாடிகளில் அடைப்பிருந்த 111 பேரை ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில், மேற்பார்வையோடு நடைப்பயிற்சி செய்தவர்களின் நடை நேரம் 5.8 நிமிடமும், ஸ்டென்ட் பொருத்தியவர்களுடையது 3.7 நிமிடமும், மருந்து மட்டும் பெற்றவர்களுடையது 1.2 நிமிடமும் கூடின. வாழ்க்கைத் தரத்தைப் பற்றிக் கேட்டபோது ஸ்டென்ட் குழுவினரே கூடிய திருப்தி தெரிவித்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே பயிற்சி ஸ்டென்டைத் தேவையற்றதாக்கிவிட்டது என்று பொருளல்ல.

வாரத்தில் ஐந்து நாட்கள், வலி நடுத்தரமாகும் வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மீண்டும் நடந்து, மெல்ல மெல்ல 50 நிமிடம் வரை கூட்டுங்கள். வெயிலுக்கு முன் தார் வீதியில், மூடிய சப்பாத்துடன் நடப்பது பொருத்தம். வெறுங்காலுடன் கடற்கரை மணலில் நடக்க வேண்டாம். சிப்பியும் முள்ளும் உங்களுக்கு வெறும் கீறலோடு போகாது. நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். பீடியோ சுருட்டோ பழக்கமிருந்தால், இந்த நடையின் பயனை அது தின்றுவிடும்.

கேள்வி: ஸ்டென்ட் பொருத்திய பின் அஸ்பிரினோடு ரிவரொக்சபன் 2.5 மில்லிகிராம் இரு வேளையும் தந்துள்ளார்கள். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது. ஒன்றை நிறுத்திவிடவா? — வாசகர், உப்புவெளி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டுமே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். கால் நாடியைத் திறந்த பின்னர் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பதை 6,564 பேரிடம் சோதித்த வொயேஜர் ஆய்வு 2020இல் வெளியானது. மூன்றாண்டுகளில் காலின் திடீர் அடைப்பு, பெரிய துண்டிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஏதாவதொன்று, அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 19.9 சதவீதத்தினருக்கும் இரண்டையும் எடுத்தவர்களில் 17.3 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. பெரிய இரத்தப்போக்கு 1.87இலிருந்து 2.65 சதவீதமாகக் கூடியது. நன்மை பெரிது, விலையும் உண்டு. முரசிலிருந்து சிறிது கசிவது அந்தப் பெரிய இரத்தப்போக்கு வகையில் சேராது; ஆயினும் கிளினிக்கில் சொல்லுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடல் நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினக், இபுபுரோபன் போன்றவற்றை இவற்றோடு சேர்த்து எடுப்பதை முற்றாகத் தவிருங்கள்.

கேள்வி: மருந்து பூசிய பலூன் ஆளையே கொன்றுவிடும் என்று படித்தேன். உண்மையா? — வாசகர், நிலாவெளி

பதில்: 2018 இறுதியில், முன்பு நடந்த 28 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த பகுப்பாய்வொன்று, பக்லிடக்சல் மருந்து பூசிய கருவிகளைப் பெற்றவர்களிடையே இரண்டாண்டின் பின்னர் மரணம் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரிக்கை விடுத்தது. சுவீடனில் நடந்துகொண்டிருந்த ஸ்வீட்பாட் ஆய்வின் 2,289 பேரின் தரவு 2020இல் வெளியானபோது அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. மேலதிகத் தரவுகளும் சேர்ந்த பின் 2023இல் அமெரிக்க எச்சரிக்கை தளர்த்தப்பட்டது. 2025இல் வந்த ஸ்வீட்பாட்டின் இறுதி முடிவில், நோய் முற்றியவர்களிடம் மருந்துப் பூச்சு கால் துண்டிப்பைக் குறைக்கவில்லை, நடை வலி மட்டும் உள்ளவர்களிடம் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவும் இல்லை. நடை வலிக்காரரிடையே முழுக் கண்காணிப்புக் காலத்தில் மரணத்தில் உறுதியான வேறுபாடு இல்லாவிட்டாலும், முதல் ஐந்தாண்டுகளில் அது கூடியிருந்ததும் பதிவாகியுள்ளது.

மருந்துப் பூச்சு நாடி மீண்டும் ஒடுங்குவதைக் குறைக்கிறது என்பது மெய். பல ஆண்டுகள் கருவிகள் விற்கப்பட்டதும் நாடி திறந்திருப்பதைக் காட்டிய ஸ்கான் படங்களின் பலத்தில்தான். நோயாளிக்கு வேண்டியது காலும் நடையும். அவற்றை எண்ணிப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்தது வருந்தத்தக்கது. உங்களுக்கு ஏற்கெனவே அத்தகைய பலூன் செய்யப்பட்டிருந்தால் பீதியடையக் காரணமில்லை.

கேள்வி: இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் காலை வெட்ட வேண்டியதில்லை என்று முகவர் ஒருவர் சொல்கிறார். காணியை ஈடுவைத்துப் போகலாமா? — வாசகர், தம்பலகாமம்

பதில்: காணியை ஈடுவைக்காதீர்கள். எலும்பு மச்சையிலிருந்து எடுத்த, ஸ்டெம் செல்கள் (பிற செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள்) அடங்கிய செல்களைக் கால் நாடிக்குள் செலுத்திப் பார்த்த நெதர்லாந்தின் ஜுவென்டாஸ் ஆய்வில், 160 பேரிடம், பெரிய துண்டிப்புகள் போலி ஊசி பெற்றவர்களைவிடக் குறையவில்லை. புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கும் மரபணு ஊசிக்கும் அதே கதிதான்: 125 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் துண்டிப்புகள் குறைந்தது போலத் தோன்ற, பெரும் நம்பிக்கையோடு 525 பேரிடம் நடத்திய டமாரிஸ் ஆய்வு 2011இல் எந்தப் பயனும் இல்லை என்று காட்டியது. ஆராய்ச்சி தொடர்கிறது, ஆனால் சோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்கு நோயாளியிடம் பெருந்தொகை கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வழியே இல்லை என்று கைவிடப்பட்ட கால்களுக்காக, நாடியின் இரத்தத்தை ஆழ்நாளத்தின் வழியே பாதத்துக்குத் திருப்பும் முறையொன்று 105 பேரிடம் சோதிக்கப்பட்டு, ஆறு மாதத்தில் 66 சதவீதத்தினர் காலை இழக்காமல் உயிரோடிருந்ததாக 2023இல் வெளியானது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாயினும், என் கணிப்பில் இது கவனத்துக்குரியது. எந்த முடிவுக்கும் முன் பைபாஸ் சாத்தியமா என்று இங்கேயே ஓர் இரத்தக்குழாய் நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவைக் கால் நாடி நோய் பற்றிய மருந்து ஆய்வொன்றில் சேரச் சொல்கிறார்கள். பரிசோதனைக்கு ஆளாக்கிவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது. — வாசகர், சாம்பல்தீவு

பதில்: பயம் நியாயமானது, அதைத் தீர்க்கும் வழிகளும் உள்ளன. இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006இல் தொடங்கிய இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அம்மாவுக்குச் சொல்லப்பட்ட ஆய்வு அதிலோ வேறொரு நாட்டின் பதிவேட்டிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, அம்மாவுக்குப் போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அப்போதும் ஸ்டற்றின் முதலிய வழக்கமான மருந்துகள் தொடருமா, பாதிப்பு ஏற்பட்டால் செலவை ஏற்பவர் யார், இரவில் கூப்பிட யாருடைய தொலைபேசி இலக்கம் என்று கேளுங்கள். தகவல் பத்திரமும் சம்மதப் படிவமும் தமிழில் தரப்பட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்க நேரமும் தரப்பட வேண்டும். அவசரப்படுத்தினால் கையெழுத்திட வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், அம்மா சேர்வதை நான் ஊக்குவிப்பேன். மேலே சொன்ன ஸ்ட்ரைட் ஆய்வில்கூடப் பெண்கள் நாலில் ஒரு பங்கினரே. நம் நாட்டுப் பெண்களின் கால்களுக்கு எது பயன்படும் என்பதை ஐரோப்பிய ஆண்களின் தரவிலிருந்து ஊகிக்கும் நிலைதான் இன்னும் இருக்கிறது. முடிவு அம்மாவுடையதாக இருக்கட்டும். மகன் என்ற முறையில் நீங்கள் அவருக்காகக் கையெழுத்திடவோ மறுக்கவோ வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். சேராவிட்டாலும் விலகினாலும் கிளினிக்கில் அவருக்குரிய வழக்கமான சிகிச்சை குறையாது என்ற வாசகம் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்துக் காட்டுங்கள்.